கோரைத்தாங்கலில் முளைத்த மாடிகள்

கோரைத்தாங்கலில் முதல் அறை முளைத்தது ஆடி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு. ரேஷன் கடையில் பாமாயில் வந்திருக்கிறது என்று தெருவே பையும் அட்டையுமாக வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது, கன்னியப்பன் வீட்டு மொட்டைமாடியில் பதினொரு வருஷமாக வானத்தைப் பார்த்துத் துருப்பிடித்து நின்ற கம்பிகளின் மேல் ஈரச் சிமெண்ட் ஊறி, ஊறியது கெட்டியாகித் தூணாகி, தூணுக்கும் தூணுக்கும் நடுவே சுவர் நிமிர்ந்து, சுவரில் ஜன்னல் திறந்து, உள்ளே ஃபேன் மாட்டும் கொக்கிகூடத் தொங்கிக்கொண்டு ஓர் அறை எழுந்து நின்றது. வரிசையில் நின்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். ஒருவரும் நகரவில்லை, நகர்ந்தால் இடம் போய்விடும்.

அந்த நேரத்தில் கன்னியப்பன் வீட்டு வாசலில் அமலோற்பவம் நின்றிருந்தாள். முப்பத்து நாலு வயது, சிவில் டிப்ளமோ படித்தவள், திட்ட அலுவலகத்தில் ஒப்பந்த வேலை. ஏரியைத் தூர்த்து எழுந்த கோரைத்தாங்கல் அடுத்த பெருமழையைத் தாங்குமா, எந்த வீடு முதலில் சாயும், இருபது வருஷத்தில் நகரம் எந்தப் பக்கம் வளரும் என்று கணித்துச் சொல்ல அலுவலகம் ஒரு திட்டம் போட்டிருந்தது. அதற்காக அவள் வீடு வீடாகப் போய் அறுபத்து நாலு கேள்விகள் கேட்டு, நூற்றுக்கு இத்தனை என்று ஒவ்வொரு வீட்டுக்கும் பலவீன மதிப்பெண் போட வேண்டும். சுவரில் விரிசல் உண்டா, போன மழையில் தண்ணீர் முழங்கால் வரையா இடுப்பு வரையா, வீட்டில் விதவை உண்டா, படுத்த படுக்கையாக யாராவது உண்டா, உழைக்கிற கை எத்தனை. மதிப்பெண் ஏற ஏற வீடு பலவீனம். தெருவில் அவளைச் சர்வேக்கா என்று கூப்பிட்டார்கள்.

"மாடி எத்தனைண்ணே?" என்று அவள் கேட்டிருந்தாள். "மாடியெல்லாம் இல்லம்மா, தரையோட சரி" என்று கன்னியப்பன் சொல்லி வாய் மூடுவதற்குள் மேலேயிருந்து ஈரச் சிமெண்ட் வாசம் இறங்கி வந்தது. இரண்டு பேரும் படியேறிப் போய்ப் பார்த்தார்கள். கன்னியப்பன் சுவரைக் கைமுட்டியால் தட்டிப் பார்த்தான். ஜன்னலைத் திறந்து மூடினான்.

"ஒண்ணுன்னு போட்டுக்கம்மா," என்றான்.

அவள் பூஜ்ஜியத்தை அடித்துவிட்டு ஒன்று என்று எழுதினாள்.

ஒரு மாதத்துக்குள் நாற்பது வீடுகளில் அறை முளைத்தது. ஊர் அதை எடுத்துக்கொண்ட விதம் இப்படி: முளைத்த அறைக்குப் பால் காய்ச்சிக் குடி போனார்கள், முளைக்காத வீட்டுக்காரர்கள் மொட்டைமாடிக் கம்பிகளுக்கு மஞ்சள் துணி கட்டிக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினார்கள், கம்பி இல்லாதவர்கள் பழைய இரும்புக் கடையில் கம்பி வாங்கி வந்து நட்டார்கள், வார்டு அலுவலகத்தில் முளைத்த அறைக்கு எண் கொடுக்கத் தனிப் படிவம் அச்சடித்தார்கள், மின்வாரியத்துக்காரர் வந்து, கம்பி இழுத்துக் கொடுத்துவிட்டு, மூன்றாவது மாடி வந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். பெண் பார்க்க வந்தவர்கள் மாப்பிள்ளை வீட்டில் எத்தனை அறை என்று கேட்பதை விட்டுவிட்டு, எத்தனை கம்பி என்று கேட்டார்கள்.

கொத்தனார்களுக்கு மட்டும் வேலை போயிற்று. ஆவணி மாதம் அவர்கள் பதினாறு பேர் சேர்ந்து சம்மட்டியோடு வந்து, முளைத்த சுவர்களை இடித்தார்கள். சுவர் இடிந்து விழுந்தது. விழுந்த இடத்திலேயே மத்தியானத்துக்குள் மறுபடி எழுந்தது. இரண்டாவது தடவை இடிக்கப் போனபோது வீட்டுக்காரர்கள் அரிவாளோடு காத்திருந்தார்கள். மூத்த கொத்தனாரின் வலது கை மணிக்கட்டோடு துண்டாகி மணல் குவியலில் விழுந்தது, கரணையைப் பிடித்த பிடி விடாமல். அந்தக் கையை ஐஸ் பெட்டியில் வைத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள், ஒட்டவில்லை.

புரட்டாசியில் கன்னியப்பன் வீட்டுக்கும் அவன் தம்பி வரதன் வீட்டுக்கும் நடுவிலிருந்த பொதுச்சுவர் மேல் ஓர் அறை முளைத்தது, பாதி அண்ணன் பக்கம், பாதி தம்பி பக்கம். மூன்று நாள் இரண்டு பேரும் அதில் பாய் போட்டு ஆளுக்கொரு பாதியில் உட்கார்ந்திருந்தார்கள். நாலாம் நாள் வரதன் நடுவே செங்கல் அடுக்க ஆரம்பித்தான். கன்னியப்பன் கீழே போய்க் கடப்பாரையை எடுத்துக்கொண்டு படியேறி வந்தான். வரதன் முகத்தை அடையாளம் காட்ட அவன் பெண்டாட்டியை அழைத்துப் போனபோது, அவள் முகத்தைப் பார்க்காமல் கால் கட்டைவிரலைப் பார்த்து, அவர்தான் என்றாள். கன்னியப்பனைப் போலீஸ் கொண்டுபோயிற்று. அந்த அறைக்கு மேல் பத்தே நாளில் இன்னோர் அறை முளைத்தது. ரத்தம் விழுந்தால் சீக்கிரம் முளைக்கிறது என்று ஊரில் சொன்னார்கள். சேவல் அறுத்தார்கள், பிறகு கிடா அறுத்தார்கள். அதனால் ஒன்றும் முளைக்கவில்லை.

ரத்தம் இல்லை காரணம் என்று அமலோற்பவத்துக்குத் தெரிந்தது. அவள் தன் படிவங்களையெல்லாம் அலுவலக மேசையில் பரப்பி வைத்து மூன்று நாள் பார்த்தாள். மதிப்பெண் எண்பதைத் தாண்டிய வீடுகளில்தான் அறை முளைத்திருந்தது. கன்னியப்பன் வீட்டுக்கு அவனுடைய ஆஸ்துமாவும் ஓதம் ஏறிய சுவரும் சேர்ந்து எண்பத்து மூன்று. வரதன் செத்தபின் அந்த இரண்டு வீட்டுக்கும் தொண்ணூறு. நல்ல அஸ்திவாரம், நல்ல சம்பாத்தியம், ஆரோக்கியமான ஆட்கள் இருந்த வீட்டில் ஒரு செங்கல்கூட முளைக்கவில்லை, எத்தனை குடம் தண்ணீர் ஊற்றினாலும். இன்னொன்றும் பார்த்தாள். பச்சையம்மாள் என்ற நோயாளிக் கிழவியை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, அவள் படுத்துக் கிடந்த அறைக்கு மேலிருந்த இரண்டு மாடிகளும் ஒரு முழம் கீழே இறங்கி விரிசல் விட்டன. அவளைத் திருப்பிக் கொண்டுவந்து படுக்க வைத்ததும் இறங்குவது நின்றது. கீழே பலவீனமானவர்கள் இருக்கும்வரைதான் மேலே இருப்பது நிற்கும்.

இதை எழுதி உதவி இயக்குநர் கிருபானந்தனிடம் கொடுத்தாள். அவர் கெட்டவர் அல்ல. கணக்கு சரியாக வந்தால் சந்தோஷப்படுகிற மனிதர். மறுநாள் அவளைக் கூப்பிட்டார்.

"அமலா, அடுத்த வாரம் எந்த வீட்டுல முளைக்கும்னு இதை வெச்சுச் சொல்ல முடியுமா?"

"முடியும் சார். ஆனா..."

"பத்து வீடு சொல்லுங்க, பார்ப்போம்."

அவள் பத்து வீடு சொன்னாள். ஒன்பதில் முளைத்தது. கிருபானந்தன் எழுந்து நின்று அவள் கையைக் குலுக்கினார். "நகரம் எப்படி வளரும்னு உலகத்துல எவனும் இவ்வளவு துல்லியமாச் சொன்னதில்லம்மா," என்றார்.

"சார், இது வளர்றது கஷ்டப்படுறவங்க தலை மேல சார். அவங்களை முதல்ல வெளியே கொண்டுவரணும்."

"அது வேற துறை," என்றார் அவர் வருத்தத்தோடு. வரைபடத்தை, மதிப்பெண் அதிகமான வீடுகளுக்குச் சிவப்பு அடித்து, மக்கள் முன்கூட்டியே தயாராக இருக்கட்டும் என்று வார்டு அலுவலகச் சுவரில் ஒட்டச் சொன்னார். பக்கத்தில் அறுபத்து நாலு கேள்விகளையும், எந்தப் பதிலுக்கு எத்தனை மதிப்பெண் என்பதையும் ஒட்டினார்கள். அமலோற்பவம் அதைத் தடுக்கவில்லை. தன் பெயர் கீழே சின்ன எழுத்தில் இருந்ததை இரண்டு தடவை படித்தாள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு மைசூர்பாகு வாங்கிப் போனாள்.

ஒரு வாரம் ஊர் அந்தச் சுவரின் முன்னால் நின்று படித்தது. பிறகு ஒருவன் தன் சுண்டுவிரலை வெட்டிக்கொண்டான். அவன் வீட்டுக்கு எழுபத்தெட்டு. கை ஊனத்துக்கு மூன்று மதிப்பெண். புதன்கிழமை வெட்டினான், ஞாயிற்றுக்கிழமை அறை முளைத்தது. அடுத்த மாதம் தெருவில் பாதிப்பேர் கையில் கட்டு இருந்தது. ஒருத்தி தன் மாமனாரை மாடிப்படியில் உருட்டிவிட்டாள். சொந்தச் சுவரில் கடப்பாரையால் விரிசல் உண்டாக்கியவர்கள் சிலர், அந்தச் சுவர் இடிந்து செத்தவர்கள் இரண்டு பேர். செத்த வீட்டில் விதவைக்கு ஐந்து மதிப்பெண் கூடி, முப்பதாம் நாள் காரியத்துக்கு முன்னாலேயே மாடி வந்துவிட்டது. தன்னை வெட்டிக்கொள்ள மனசில்லாதவர்கள் அடுத்தவரை வெட்டினார்கள். சொந்த வீட்டில் குடியிருப்பவன் தன் விரலைத்தான் தரவேண்டும். வாடகைக்கு விட்டவனுக்கு அது வேண்டியதில்லை.

மணலும் ஜல்லியும் விற்றுக்கொண்டிருந்து, அறை முளைக்கத் தொடங்கியபின் கடையை மூடிய தசரதனுக்கு, ஏரியின் ஆகப் பள்ளமான இடத்தில் எட்டுக் குடித்தனம் கொண்ட லைன் வீடு ஒன்று இருந்தது. அதற்கு எண்பத்தொன்பது மதிப்பெண். ஐந்து மாடி தானாக முளைத்தது. ஆறாவது வேண்டும் என்று தசரதன் கீழ் வீட்டு ஆட்டோக்காரர் கரீமின் இடது காலை இரும்புக் குழாயால் உடைக்கச் சொன்னான். உடைத்தார்கள், முளைத்தது. ஏழாவதுக்கு வலது கால். எட்டாவதுக்குக் கோடி வீட்டுப் பெண்ணின் புருஷன் குளத்தில் மிதந்தான். எட்டு முளைத்தபின் தசரதன் லைன் வீட்டைச் சுற்றி மதில் எழுப்பி, இரும்புக் கேட் போட்டு, அதில் நாலு ஆளை நிறுத்தினான். பச்சையம்மாள் கதை அவனும் கேள்விப்பட்டிருந்தான். கீழே இருப்பவர்கள் வேலைக்குப் போகலாம், ஒரு வீட்டுக்கு ஒருவராக. மற்றவர்கள் உள்ளே இருக்க வேண்டும். அவன் தன் மனைவியோடு எட்டாவது மாடிக்குக் குடி வந்தான்.

அதே லைன் வீட்டின் ஆறாவது மாடியில் ஆதிமூலம் என்ற பஸ் கண்டக்டரும் அவர் மனைவி ஞானசுந்தரியும் இருந்தார்கள். ஐம்பது வயதுக்குப் பிறகு கிடைத்த முதல் காற்றோட்டமான வீடு. அமலோற்பவம் கணக்கெடுக்கப் போகும்போதெல்லாம் ஞானசுந்தரி மோர் கொடுப்பாள்.

"கீழே கரீம் பாயோட ரெண்டாவது காலை உடைச்சப்ப நீங்க வீட்டுலயா இருந்தீங்க?" என்று அமலோற்பவம் ஒருநாள் கேட்டாள்.

"இருந்தோம்மா. சத்தம் கேட்டுச்சு. டிவிய கொஞ்சம் கூட்டி வெச்சுக்கிட்டோம்," என்றார் ஆதிமூலம். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

கார்த்திகை மழை வலுத்த வாரம் கரீமின் மனைவி ரஹமத்பீ, தன் வீட்டின் முறையாக வெளியே வந்தவள், இரண்டு பஸ் மாறித் திட்ட அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். ஈரப் புடவையோடு அமலோற்பவத்தின் மேசைக்கு எதிரே உட்காராமல் நின்றாள்.

"சர்வேக்கா, நீங்க வந்து கேட்டீங்க. வூட்டுல நடக்க முடியாதவங்க யாராச்சும் இருக்காங்களான்னு. இல்லன்னு சொன்னேன். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"இப்ப இருக்காரு. ரெண்டு காலும் இல்லாம இருக்காரு. நீங்க கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் ஆள் வந்து பதில் எழுதிட்டுப் போறான். இன்னும் நாலு கேள்விதான் பாக்கி. எம்பொண்ணுக்குக் கண்ணு தெரியுமான்னு ஒண்ணு இருக்குல்ல? ஒம்பதாவது மாடி கேக்குறானாம்."

அமலோற்பவம் மேசையிலிருந்த படிவத்தைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு சொன்னாள்: "நீங்க எல்லாரும் ஒரே நேரத்துல வெளியே வந்துட்டா அந்த வீடு நிக்காது."

"தெரியும். அதுக்குத்தான இரும்புக் கேட்டு போட்டிருக்கான்."

"கேட்டைத் திறக்க நான் வரேன். ஆனா மேல இருக்குறவங்ககிட்ட முதல்ல சொல்லணும். முப்பது நாப்பது பேர் இருக்காங்க."

"மேல சொன்னா தசரதனுக்குத் தெரியும். தெரிஞ்சா எங்களைக் கட்டிப் போடுவான். மேல இருக்குறவங்க வந்து கயிறு புடிப்பாங்க. நல்லவங்கதான். ஆனா புடிப்பாங்க. நீங்களே முடிவு பண்ணிக்குங்க," என்றாள் ரஹமத்பீ.

இரண்டு நாள் அமலோற்பவம் முடிவு பண்ணாமல் இருந்தாள். போலீஸ் நிலையத்துக்குப் போனாள். அங்கே எழுத்தரின் கையில் கட்டு இருந்தது. அவர் கோரைத்தாங்கல்காரர். ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்தாள். கிருபானந்தனிடம் போனாள், அவர் வரைபடத்தைப் பற்றிப் பேச டெல்லி போயிருந்தார். மூன்றாம் நாள் வியாழக்கிழமை, மேலே இருப்பவர்களில் பாதிப்பேர் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போயிருக்கும் நேரமாகப் பார்த்துக் காலை பதினொன்றரை என்று ரஹமத்பீக்குச் சொல்லி அனுப்பினாள். அந்தப் பாதியைத்தான் அவளால் காப்பாற்ற முடிந்தது. மற்றப் பாதிக்கு அவள் சொல்லவில்லை.

அன்று மழை நூல் பிடித்தமாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. அமலோற்பவம் அலுவலக அடையாள அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, ஒன்பதாவது மாடிக்கு அளவெடுக்க வந்திருப்பதாகச் சொன்னதும் கேட்டைத் திறந்தார்கள். திறந்த கேட்டின் நடுவில் அவள் நின்றுகொண்டாள். எட்டு வீட்டுக் கதவும் ஒன்றாகத் திறந்தன. முப்பத்தொரு பேர் வந்தார்கள். கரீமை மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் படுக்கவைத்து இரண்டு பெண்கள் தள்ளினார்கள், முதுகில் பச்சையம்மாளைப் போன்ற கிழங்களைச் சுமந்துகொண்டு மற்றவர்கள் வந்தார்கள், ஒருவரும் கத்தவில்லை, சாமான் ஒன்றும் எடுக்கவில்லை. காவலாட்களில் ஒருவன் கேட்டை இழுத்துச் சாத்தினான்; நடுவில் நின்ற அமலோற்பவத்தின் தோளில் அது இடித்தது, அவள் நகரவில்லை. இன்னொருவன் குழாயை ஓங்கி அடித்தான். கழுத்தெலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. மூன்றாவது ஆள் கரீமின் வண்டியைக் கவிழ்க்கக் கை வைத்தபோது ரஹமத்பீ முந்தானைக்குள்ளிருந்து அரிவாள்மணையின் கழற்றிய அலகை எடுத்து அவன் முழங்கையில் இறக்கினாள்; இறக்கி, இழுத்து, மறுபடி இறக்கினாள், ஆடு வெட்டுகிறவளைப்போல முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். அவன் உட்கார்ந்தான். மற்றவர்கள் பின்வாங்கினார்கள்.

தசரதன் எட்டு மாடியும் இறங்கி ஓடிவந்தபோது கடைசி வீட்டுக்காரி வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தாள். அவன் கையில் குழாய் இருந்தது. பின்னால் தரை முனகியது. அவன் திரும்பிப் பார்த்தான். லைன் வீட்டின் படி ஒரு சாண் மண்ணுக்குள் போயிருந்தது. குழாயைப் போட்டுவிட்டு, "மரகதம், எறங்கி வா, எறங்கி வா" என்று மனைவி பெயரைச் சொல்லிக்கொண்டே உள்ளே ஓடினான். அவனைப் பிறகு இரண்டாவது மாடிப் படியில் கண்டெடுத்தார்கள். மேல் பார்த்த முகத்தோடு கிடந்தான்.

வீடு சாயவில்லை. நின்ற வாக்கில், சேற்றில் கால் இறங்குவதுபோல, மாடி மாடியாக இறங்கிற்று. முதல் மாடி ஜன்னல்கள் தெரு மட்டத்துக்கு வந்தன, மறைந்தன; இரண்டாவது வந்தது, மறைந்தது. ஜன்னல் கம்பிகளுக்குப் பின்னால் முகங்கள் இருந்தன. கீழே இருந்து வந்தவர்களில் ஐந்தாறு பேர் திரும்பி ஓடி, தரைக்கு வந்த ஜன்னல்களில் கையைக் கொடுத்து இழுத்தார்கள். கம்பி போடாத ஒரு ஜன்னலிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். அமலோற்பவம் ஒற்றைக் கையால் ஒரு கையைப் பிடித்திருந்தாள், கண்ணாடி வளையல் போட்ட கை, அதன் மோதிரம் அவள் விரலோடு வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது, கை போய்விட்டது. எட்டாவது மாடியும் இறங்கியபின் அந்த இடத்தில் பழைய ஏரித் தண்ணீர், கறுப்பாக, கொப்புளம் விட்டுக்கொண்டு மேலே வந்தது. உள்ளே போனவர்கள் பதினாலு பேர்.

அதன்பிறகு கோரைத்தாங்கலில் எங்கும் அறை முளைக்கவில்லை. மேல்மாடிக்காரர்கள் பயந்து இறங்கிவிட்டார்கள். கீழே இருந்தவர்கள் ஒவ்வொரு குடும்பமாக மேட்டுப் பக்கம் போனார்கள். மாடிகள் ஆளில்லாமல் மெதுவாகப் புதைந்தன. வரைபடத்தை யாரோ கிழித்துவிட்டார்கள்.

மார்கழியில், பக்கத்திலிருந்த கல்யாண மண்டபத்தில் கோட்டாட்சியர் விசாரணை நடத்தினார். பிழைத்தவர்கள் ஒருபுறம், செத்தவர்களின் உறவினர்கள் ஒருபுறம். யார் உங்களை வெளியே போகச் சொன்னது என்று அவர் ரஹமத்பீயைக் கேட்டார்.

"ஒருத்தரும் சொல்லல சார். மழைக்குப் பயந்து நாங்களா வந்தோம்."

எட்டு வீட்டுக்காரர்களும் வரிசையாக அதையே சொன்னார்கள். ஆட்டோக்காரர் கரீம் குர்ஆன் மேல் சத்தியமாக என்றுகூடச் சொன்னார். எழுத்தர் எழுதிக்கொண்டார். விசாரணை முடிகிற சமயம், கையைக் கழுத்தோடு துணித் தூளியில் கட்டியிருந்த அமலோற்பவம் பின்வரிசையிலிருந்து எழுந்தாள். ரஹமத்பீ அவள் புடவையைப் பிடித்து இழுத்தாள். அவள் உட்காரவில்லை.

"நான்தான் சார் சொன்னேன். கீழ இருந்தவங்ககிட்ட மட்டும் சொன்னேன். மேல இருந்தவங்ககிட்ட சொல்லல."

ஆதிமூலம் தன் நாற்காலியிலிருந்து எழுந்து, நடுவிலிருந்த இடத்தைக் கடந்து வந்து அவள் முன்னால் நின்றார். கண்டக்டர் சட்டையோடு வந்திருந்தார், டியூட்டியில் இருந்தபோதுதான் அன்றும் செய்தி கிடைத்திருந்தது. ஞானசுந்தரியை ஐந்தாம் நாள் சேற்றிலிருந்து எடுத்திருந்தார்கள்.

"எங்ககிட்ட ஏம்மா சொல்லல?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் கேட்பதுபோலக் கேட்டார்.

"சொல்லியிருந்தா கீழ இருந்தவங்களை வெளியே விட்டிருப்பீங்களாண்ணே?"

ஆதிமூலம் தரையைப் பார்த்துக்கொண்டு யோசித்தார். கோட்டாட்சியரும் எழுத்தரும் இரண்டு புறத்து ஜனங்களும் அவர் யோசித்து முடிக்கும்வரை காத்திருந்தார்கள்.

"விட்டிருக்க மாட்டோம்," என்றார்.

பிறகு அவளை அடித்தார்.